களர் நிலமும் பி.எச். கணக்கும்

மண் பரிசோதனை அட்டை கைக்கு வந்ததும் விவசாயியின் கண் முதலில் போவது பி.எச். எண்ணின் மீதுதான். தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம் என்பதெல்லாம் பழகிப்போன செய்தி. பி.எச். 9.2 என்று இருந்தால்தான் மனம் திடுக்கிடுகிறது. அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார். "பி.எச். அதிகமாம்" என்கிறார். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். ஏக்கருக்கு ஒரு லிட்டர், பாசனத் தண்ணீரோடு கலந்து விட்டால் பி.எச். இறங்கிவிடும் என்கிறார். பாட்டிலில் இருப்பது ஏதோ ஒரு புளிப்பு, அதாவது அமிலம். காரத்தை அமிலம் முறிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவில் இருப்பதால் விவசாயியும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஓர் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை விளக்காமல் அனுப்புகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பி.எச். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் விவசாயிக்குத் தெரிய வேண்டியதில் பாதியைத்தான் அது சொல்கிறது.

இந்த அளவுகோலை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் சோரன்சன் என்ற டென்மார்க் நாட்டு விஞ்ஞானி. கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் கம்பெனி நிறுவிய ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம் உண்டு என்பதை எப்போதும் மனதில் வைக்க வேண்டும். 8.5க்கும் 9.5க்கும் இடையே உள்ளது "கொஞ்சம் கூடுதல்" அல்ல. பத்து மடங்கு.

இந்த அளவுகோல் அளப்பது, கரைசலில் அந்த நேரத்தில் தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே. அமிலத்துக்குள் இன்னும் பிரியாமல் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. மடியில் இருக்கும் காசைப் பார்த்து ஒருவருடைய குதிரில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பி.எச். காட்டுவது மடியில் உள்ள காசை. குதிர் வேறு கணக்கு.

வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 கிராம் அசிட்டிக் அமிலத்தைக் கரைக்க வேண்டும். இன்னொரு லிட்டர் தண்ணீரில் 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கரைக்க வேண்டும். எடை வேறாக இருந்தாலும் இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் ஹைட்ரோகுளோரிக் கரைசலின் பி.எச். 1. அசிட்டிக் கரைசலின் பி.எச். சுமார் 2.9. முன்னது வலுவான அமிலம். தன்னிடம் உள்ள அத்தனை ஹைட்ரஜனையும் உடனே வெளியே விட்டுவிடுகிறது. பின்னது வலுக்குறைந்த அமிலம். நூற்றுக்கு ஒன்றைத்தான் வெளியே விடுகிறது, மீதியைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் சலவைச் சோடாவைக் கொண்டு இரண்டையும் முறித்துப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே அளவுதான் செலவாகும்: தூய சோடா 5.3 கிராம். வெளியே விட்டது தீரத் தீர, வலுக்குறைந்த அமிலம் உள்ளே பிடித்து வைத்திருந்ததையும் விட்டுக்கொண்டே வரும்.

கணக்கில் விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். ஒவ்வொரு வலுக்குறைந்த அமிலத்துக்கும் பிரியும் திறனைக் காட்டும் ஒரு நிலையெண் உண்டு. அசிட்டிக் அமிலத்துக்கு அது 0.000018. மேலே சொன்ன கரைசலின் செறிவு 0.1. இரண்டையும் பெருக்கினால் 0.0000018. இதற்கு வர்க்கமூலம் கண்டால் சுமார் 0.00134. தனித்து உலவும் ஹைட்ரஜனின் அளவு இதுதான், பி.எச். அளவுகோலில் இது 2.87 ஆகும். அதே கரைசலில் தண்ணீர் விட்டு நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் பி.எச். 3.9க்குத்தான் போகிறது. ஹைட்ரோகுளோரிக் கரைசலோ 1லிருந்து 3க்குத் தாவிவிடும். வலுக்குறைந்தவை இப்படித்தான். தண்ணீரைக் கொட்டினாலும் லேசில் அசைந்து கொடுப்பதில்லை. காரங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

களர் நிலத்தில் உள்ள காரமும் வலுக்குறைந்த வகைதான். துணி வெளுப்பவர்கள் முன்பெல்லாம் வயலோரத்திலிருந்து உவர்மண் எடுத்துச் சென்றது இதற்காகவே. அதில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. கார்பனேட் வலுக்குறைந்த காரம். அது தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்தை வெளியிடுகிறது. அதைவிடப் பெரிய இருப்பு களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம். கரைசலில் இருப்பதை முறித்தால் துகளிலிருந்து மறுபடி வந்து நிரப்பும். சுண்ணாம்பு மட்டும் உள்ள மண்ணில் பி.எச். ஏறக்குறைய 8.4க்கு மேல் போவதில்லை. 8.5ஐத் தாண்டினால் சோடியம் வேலை செய்கிறது என்று பொருள். அட்டையில் உள்ள எண் இந்த அளவுக்குப் பயன்படுகிறது. வியாதி இன்னது என்று சொல்கிறது. மருந்து எத்தனை மூட்டை என்று சொல்லாது.

ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்துக்கு உள்ள மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 100 கிராமுக்கு 23 மில்லிகிராம் சோடியத்தை மட்டும் துகளிலிருந்து விலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தார் இதை ஒரு மில்லி ஈக்விவலன்ட் என்பார்கள். களர் நிலத்துக்கு இது சிறிய அளவே. ஆனால் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 200 கிலோ சோடியத்துக்கு மேல் வருகிறது. இதை அமிலத்தால் சரிக்கட்ட வேண்டுமானால், வினிகர் அளவுக்குப் புளிப்புள்ள திரவம் சுமார் 11,000 லிட்டர் வேண்டும். ஒரு தண்ணீர் லாரி நிறைய வினிகர்! அடர்ந்த கந்தக அமிலமே என்றாலும் 250 லிட்டர் தேவைப்படும். ஏக்கருக்கு ஒரு லிட்டர் பாட்டில் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று விவசாயிகளே பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலில் உள்ள திரவத்தில் பி.எச். தாளை நனைத்துக் காட்டினால் தாள் சிவக்கத்தான் செய்யும். அது மடிக்காசு. அதைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது.

இதே வேலைக்குத் தூய ஜிப்சம் 780 கிலோ போதும். 80 சதவீதத் தரமுள்ள ஜிப்சம் என்றால் 975 கிலோ. ஜிப்சம் அமிலமே அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. அதில் உள்ள கால்சியம் களிமண் துகளிலிருந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் கார்பனேட்டைச் சுண்ணாம்பாக மாற்றிப் படியச் செய்கிறது. பி.எச். தானாக இறங்குகிறது. வெளியே வந்த சோடியம், சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் நிற்கும். அதை வடித்து அப்புறப்படுத்த வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். வாய்க்காலைத் தூர் வாராமல் ஜிப்சத்துக்கு மட்டும் மனுப் போடும் ஊர்களில் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

பி.எச். எண்ணை மட்டும் பார்த்து ஜிப்சம் அளவைச் சொல்ல முடியாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வயல்கள், இரண்டிலும் பி.எச். 9.2. ஒன்று மணற்பாங்கு, சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன் 100 கிராமுக்கு 5 அலகு. மற்றது களி, அந்தத் திறன் 30 அலகு. இரண்டிலும் அந்த இடங்களில் நூற்றுக்கு 40ஐச் சோடியம் பிடித்திருக்கிறது. அதை 10க்குக் கொண்டுவர வேண்டும். மணற்பாங்கான வயலுக்கு ஏக்கருக்கு 1.2 டன் ஜிப்சம் போதும். களிக்கு 7 டன் வேண்டும். எண் ஒன்றே, செலவு ஆறு மடங்கு. நடைமுறையில் நெல்லுக்கு முழு அளவும் தேவையில்லை, கணக்கிட்ட தேவையில் பாதியை இட்டால் போதும் என்பதே தமிழ்நாட்டில் உள்ள பரிந்துரை. ஆனால் முழுமை எவ்வளவு என்று தெரியாமல் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கண்டுபிடிக்கும் முறை புதியதும் அல்ல, அரியதும் அல்ல. ஸ்கூனோவர் முறை என்று 1952ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் உள்ளது. 5 கிராம் மண்ணை 100 மில்லி ஜிப்சம் கரைசலில் போட்டுக் குலுக்கி வடிகட்டுகிறார்கள். கரைசலில் எவ்வளவு கால்சியம் குறைந்தது என்று அளக்கிறார்கள். குறைந்தது மண் எடுத்துக்கொண்டது. அதுவே ஜிப்சம் தேவை. அமில மண்ணுக்கும் இப்படியே. நீலகிரி மண்ணுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்பதை பி.எச். எண் சொல்லாது. அதற்கென்று 1961இல் வகுக்கப்பட்ட கரைசல் ஒன்று இருக்கிறது. அதை மண்ணோடு கலக்கி, அதன் பி.எச். எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று சொல்கிறார்கள்.

2015ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் அளக்கப்படுகின்றன. பி.எச். அதில் உண்டு. ஜிப்சம் தேவை அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஜிப்சம், சுண்ணாம்பு பற்றிப் பரிந்துரை எழுத அட்டையில் இடம் விட்டிருக்கிறார்கள். தனிச் சோதனை செய்யாமல் அந்த இடத்தில் எழுதப்படுவது ஊகமே. எல்லா மண்ணுக்கும் இந்தச் சோதனை வேண்டியதில்லை. பி.எச். 8.5க்கு மேல் வந்த மண்ணுக்கு மட்டும் கட்டாயம் என்று வைத்தால் போதும். ஆய்வுக்கூடத்துக்குக் கூடுதல் வேலைதான். ஆனால் வேலை முடியாமலே அட்டையைக் கொடுப்பதைவிட இரண்டு நாள் தாமதமாகக் கொடுப்பது மேல்.

கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். மண்ணைச் சோதிக்கும் விவசாயிகளில் பலர் தண்ணீரைச் சோதிப்பதில்லை. இரண்டு கிணறுகள், இரண்டிலும் பி.எச். 8.2 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பைகார்பனேட் அறவே இல்லை. மற்றதில் லிட்டருக்கு 5 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. நம் ஆழ்துளைக் கிணறுகளில் காணக்கூடிய அளவுதான் இது. ஆயிரம் லிட்டர் தண்ணீரின் பி.எச்.ஐ 6.4 அளவுக்கு இறக்க வேண்டுமானால், முதல் கிணற்றுக்கு அடர்ந்த கந்தக அமிலம் ஒரு துளி போதும். இரண்டாவது கிணற்றுக்கு 70 மில்லி வேண்டும். அட்டையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொட்டுநீர்க் குழாயில் சுண்ணாம்பு அடைக்கிறது என்று அமிலம் விடுகிறவர்கள் ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் பின்பற்றக் கூடாது என்பது இதனால்தான். ஒருவருக்குச் சரியான அளவு அடுத்த கிணற்றுக்காரரின் வேரைக் கருக்கிவிடலாம். அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைப்பது நல்லது.

தண்ணீருக்குக் கேட்க வேண்டிய எண், எஞ்சிய சோடியம் கார்பனேட். கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டையும் கழித்தால் வருவது அது. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 2.5க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை அப்படியே பாய்ச்சக் கூடாது. ஜிப்சம் போட்டுத் திருத்திய நிலம் சில வருடங்களில் மறுபடி களர் ஏறுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். மேலிருந்து மருந்து போட்டு, கிணற்றிலிருந்து நோயைப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சிய கார்பனேட்டில் ஒரு அலகைக் குறைக்க, ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் 17 கிலோ ஜிப்சம் போதும். தண்ணீர் விழும் தொட்டியில் ஜிப்சம் கட்டிகளை அடுக்கி அதன் வழியே தண்ணீரை ஓடவிட்டாலே இது நடக்கும்.

வலுக்குறைந்த அமிலம் என்றால் பயனில்லாத அமிலம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. களரைத் திருத்துவதில் மிகப் பெரிய வேலையைச் செய்வது மிகவும் வலுக்குறைந்த ஓர் அமிலம்தான்: கார்பானிக் அமிலம். சோடாத் தண்ணீரில் இருப்பது அதுவே. தக்கைப்பூண்டை விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால், அது மட்கும்போது வரும் கரியமிலவாயு தண்ணீரில் கரைந்து இந்த அமிலமாகிறது. மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை வெளியே கொண்டுவருகிறது. அந்தக் கால்சியம் ஜிப்சம் செய்யும் வேலையைச் செய்கிறது. பாட்டில் அமிலம் ஒரு தடவையோடு தீர்ந்தது. இது நாள்தோறும் மண்ணுக்குள்ளேயே உற்பத்தியாகிறது. பொன்னம்பெருமா என்ற இலங்கை விஞ்ஞானி, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நீர் கட்டிய மண்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1972இல் விரிவாக எழுதினார். நீர் கட்டிய சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். ஏறுகிறது, கார மண்ணின் பி.எச். இறங்குகிறது, இரண்டும் 7ஐ நெருங்குகின்றன என்பது அதில் முக்கியமான செய்தி. கார மண்ணில் இறங்குவதற்குக் காரணம் இந்தக் கார்பானிக் அமிலமே. களருக்கு முதல் பயிர் நெல் என்று சொல்வது இதனால்தான். திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அரசு வேளாண்மைக் கல்லூரியின் நிலமே களர் நிலம். அங்கே உருவான திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் இந்த மண்ணுக்கு ஏற்றவை.

யூரியாவுக்கும் இந்தக் கணக்கு உண்டு. களர் நில விவசாயிக்கு அதிகப் பண நஷ்டம் இதில்தான். யூரியா மண்ணில் விழுந்ததும் அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா வலுக்குறைந்த காரம். பி.எச். 7.25 இருக்கும்போது நூற்றுக்கு ஒரு பங்குதான் காற்றில் பறக்கக்கூடிய வாயு வடிவில் இருக்கும். மற்றது அம்மோனியமாகத் தண்ணீரிலும் மண்ணிலும் தங்கும். 8.25இல் அது 9 பங்காகிறது. 9.25இல் சரிபாதி. வெயில் ஏறினால் இன்னும் கூடும். இதோடு இன்னொரு சங்கதி: வயலில் தேங்கிய நீரில் பாசி இருந்தால், பகல் வெளிச்சத்தில் அது கரியமிலவாயுவை இழுத்துக்கொள்கிறது. கார்பானிக் அமிலம் குறைகிறது. காலையில் 8 இருந்த தண்ணீர் பிற்பகலில் 9ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் நின்ற தண்ணீரில் யூரியாவைத் தூவினால் 45 கிலோ மூட்டையில் உள்ள 20 கிலோ தழைச்சத்தில் பயிருக்குச் சேருவது எவ்வளவு, காற்றோடு போவது எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு இட வேண்டும். மறுநாள் நீர் கட்டலாம். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும் பழைய பரிந்துரை இன்றைக்கும் நல்ல பரிந்துரையே.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குப் போகும் விவசாயிகள், பி.எச். 8.5க்கு மேல் என்றால் "ஏக்கருக்கு ஜிப்சம் எத்தனை கிலோ?" என்றும், கிணற்றுத் தண்ணீருக்கு "எஞ்சிய சோடியம் கார்பனேட் எவ்வளவு?" என்றும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தண்ணீர் எடுத்துப் போவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, கழுத்துவரை இடைவெளி இல்லாமல் நிரப்பி, இறுக மூடி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அரைப் பாட்டிலாகக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தால், கரைந்திருந்த கரியமிலவாயு வெளியேறி, சுண்ணாம்பு அடியில் படிந்து, பி.எச். ஏறியிருக்கும். ஆய்வுக்கூடம் அளந்து சொல்வது அந்தப் பாட்டில் தண்ணீரின் கணக்காக இருக்குமே தவிர, கிணற்றின் கணக்காக இராது.